செத்துப்போன பாண்டை எப்படித் திரும்பக் கொண்டுவருவார்கள்?

துரும்புச்சீட்டு:
2021-ல் வந்த படத்தில் நம் கண்ணெதிரே ஏவுகணை விழுந்து ஜேம்ஸ் பாண்ட் செத்துப்போனார். பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்ததும், ‘ஜேம்ஸ் பாண்ட் திரும்பி வருவார்’ என்று வழக்கமான அந்த ஒரு வரி. அதற்குள் வீட்டுக்காரர்களே மாறிவிட்டார்கள். 1962 முதல் 25 படங்களைத் தங்கள் கைக்குள் வைத்திருந்த ப்ராக்கோலி குடும்பம், படைப்புக் கட்டுப்பாட்டை 2025 பிப்ரவரியில் அமேசானிடம் கொடுத்துவிட்டது. அடுத்த படத்துக்கு இயக்குநர் டெனி வில்நெவ், எழுத்து ஸ்டீவன் நைட். நடிகர் யார் என்ற ஜோசியத்துக்கு வேறு திரி இருக்கிறது, இங்கே வேண்டாம்.

என் கட்சி இதுதான்: இனி பாண்டுக்குச் சொந்தக் கதை வேண்டாம். மேலதிகாரி எம் கூப்பிட வேண்டும், வேலையைச் சொல்ல வேண்டும், இவர் போய் முடிக்க வேண்டும். டேனியல் கிரெய்க் நடித்த ஐந்து படங்களில் ஒன்றிலாவது அந்த மனிதர் கொடுத்த வேலையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாரா? காதலி செத்த கோபத்துக்கு ஒரு படம், எம்மின் பழைய பாவத்துக்கு ஒரு படம். கடைசியில் ப்ளோஃபெல்டையே வளர்ப்பு அண்ணன் ஆக்கினார்கள். உலகத்தையே மிரட்டிய கூட்டத்தின் தலைவன், பங்காளித் தகராறு பிடித்த ஆளாகச் சுருங்கிப்போனான்.

மழைக்குருவி:
வளர்ப்பு அண்ணன் விஷயத்தில் நானும் தலையில் அடித்துக்கொண்டவள்தான். ஆனால் நீங்கள் கேட்கும் ‘வேலையைக் கொடு, முடி’ பாணி எங்கே போய் நின்றது என்பதை மறந்துவிட்டீர்களே. 2002 படத்தில் கண்ணுக்குத் தெரியாத கார். பனிக்கடலில் எழும் பேரலைமீது கணினி வரைந்த பாண்ட் சறுக்கிக்கொண்டு போவார். அந்தப் படம் வசூலில் தோற்கவில்லை. ஆனாலும் தயாரிப்பாளர்களே வெட்கப்பட்டு 2006-ல் ‘கசினோ ராயல்’ மூலம் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அதில் ஒரு காட்சி. கொலையைப் பார்த்து நடுங்கிப்போன நாயகி வெஸ்பர் உடுத்திய உடையோடு ஷவருக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். பாண்டும் சட்டையோடு வந்து பக்கத்தில் உட்காருவார். துப்பாக்கி இல்லை, கார் இல்லை, பஞ்ச் வசனம் இல்லை. அத்தனை வருடம் பார்த்த ஆள் எனக்கு மனிதனாகத் தெரிந்தது அப்போதுதான்.

சொந்தக் கதையை கிரெய்க் காலம்தான் கொண்டுவந்தது என்பதும் சரியில்லை. 1969-லேயே பாண்டின் மனைவி ட்ரேசி கல்யாணக் காரில் சுடப்பட்டுச் சாகிறாள். 1989-ல் நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டரை சுறாவுக்குப் போட்டதும், பாண்ட் எம்மின் பேச்சை மீறிப் பழிவாங்கக் கிளம்புகிறார்.

துரும்புச்சீட்டு:
ட்ரேசியை நீங்கள் இழுத்ததே எனக்கு வசதி. 1981 படம் எப்படித் தொடங்குகிறது? ரோஜர் மூர் அவள் கல்லறைக்குப் பூ கொண்டுவருகிறார். கொஞ்ச நேரம்தான். பிறகு ஹெலிகாப்டர் வருகிறது, சக்கர நாற்காலியில் இருக்கும் மொட்டைத்தலையனைப் புகைபோக்கிக்குள் போடுகிறார், படம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. கடலில் மூழ்கிய ஏவுகணைக் கட்டளைக் கருவியைத் தேடும் வேலை. துக்கம் பெருங்காயம் மாதிரி, வாசனைக்குப் போதும். கிரெய்க் காலத்தில் பெருங்காயத்தையே குழம்பாக வைத்தார்கள்.

இன்னொன்று: அந்த மொட்டைத்தலையனுக்குப் படத்தில் பெயரே கிடையாது. ப்ளோஃபெல்ட் உரிமைமீது, அதில் பங்கு கேட்ட தயாரிப்பாளர் கெவின் மெக்லோரியோடு தகராறு இருந்ததால் பெயர் சொல்ல முடியவில்லை. அந்த வழக்கு 2013-ல்தான் முழுசாகத் தீர்ந்தது. அத்தனை வருடம் காத்திருந்து வாங்கிய வில்லனை 2015-ல் அண்ணனாக்கியதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பழைய_ரீல்:
இரண்டு பேரும் நிகழ்காலத்திலேயே நிற்கிறீர்கள். என் ஆசை வேறு. கதையை 1950களுக்கே கொண்டுபோங்கள். இயன் ஃப்ளெமிங் இரண்டாம் உலகப் போரில் கடற்படை உளவுத்துறையில் இருந்தவர். முதல் நாவல் வந்தது 1953-ல். செல்போன் கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. ஒரு தகவல் லண்டன் போய்ச் சேர ஒரு ராத்திரி ஆகும். பாண்ட் தனியாக மாட்டிக்கொண்டால் தனியாகத்தான். இன்றைக்கு முகத்தைக் கண்டுபிடிக்கும் கேமரா ஒவ்வொரு விமான நிலையத்திலும் இருக்கும்போது, சொந்தப் பெயரைச் சொல்லி ஓட்டலில் அறை எடுக்கும் உளவாளியை யார் நம்புவார்கள்?

படமாக்காத கதைகளும் கிடக்கின்றன. 1955-ல் வந்த ‘மூன்ரேக்கர்’ நாவலில் பாண்ட் இங்கிலாந்தை விட்டே வெளியே போவதில்லை. தொடக்கத்தில் பெரிய பங்கு, லண்டன் கிளப் ஒன்றில் சீட்டாட்டத்தில் ஏமாற்றும் ட்ராக்ஸ் என்ற பணக்காரனை மாட்டவைப்பதுதான். 1979 படத்தில் தலைப்பையும் வில்லன் பெயரையும் எடுத்துக்கொண்டு பாண்டை விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். நைட்டும் முதல் உலகப் போருக்குப் பிந்திய பர்மிங்காமை வைத்துத் தொடர் எழுதிய கை. பழைய காலம் அவருக்குப் பழக்கம்.

ஈரோட்டுக்காரன்:
அண்ணே, ஆசை நல்ல ஆசைதான். ஆனால் படத்து பாண்ட் என்றைக்கும் நிகழ்காலத்து ஆள். 1962-ல் ஜான் க்ளென் பூமியைச் சுற்றி வந்தார். அதே வருடம் வெளியான முதல் படத்தில் வில்லன் அமெரிக்காவின் கேப் கேனவரல் ராக்கெட்டுகளைக் கெடுக்கிறான். நீங்கள் திட்டும் விண்வெளிப் பயணமும் ‘ஸ்டார் வார்ஸ்’ ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வந்ததுதான். ஊரில் அப்போது என்ன பேச்சோ, அதுதான் பாண்ட் படம்.

அப்புறம் வியாபாரம். 1995 முதல் பாண்ட் கையில் ஒமேகா கடிகாரம். 1955-ல் நடக்கும் கதையை வைத்து இந்த வருடக் கடிகாரத்தையும் காரையும் எப்படி விற்பார்கள்? ஃப்ளெமிங் 1964-ல் இறந்தார், அதனால் பிரிட்டனில் நாவல்களின் காப்புரிமை 2034 கடைசியோடு முடியும். அதன்பிறகு அங்கே யார் வேண்டுமானாலும் 1950கள் பாண்டை எடுத்துப் பார்க்கட்டும். என்ன, குழல் வழியே தெரியும் பாண்ட் திரும்பி நம்மை நோக்கிச் சுடும் அந்தத் துப்பாக்கிக் குழல் காட்சியும், மான்டி நார்மன் போட்ட பாண்ட் மெட்டும் அவர்களுக்குக் கிடைக்காது. அவை நாவலில் இல்லை, படத்துக்காக உருவானவை.

சிரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1983 படத்தில் நம்ம விஜய் அமிர்தராஜ் உதய்ப்பூர் படித்துறையில் மகுடியில் பாண்ட் மெட்டை ஊதித் தன்னை அடையாளம் காட்டுவார், அப்புறம் ஆட்டோச் சண்டையில் டென்னிஸ் மட்டையாலேயே அடிப்பார். இந்தியாவைக் காட்டிய விதத்தில் எனக்கு நிறையக் கசப்பு உண்டு, அது தனிக் கதை. ஆனால் அதே படத்தின் சதி என்ன? மேற்கு ஜெர்மனியில் உள்ள அமெரிக்க விமானத் தளத்தில் அணுகுண்டை வெடிக்கவைத்து, அதை அமெரிக்கர்களின் விபத்து என்று நம்பவைத்து, ஐரோப்பாவை ஆயுதத்தைக் கீழே போடவைப்பது. அன்றைய நிஜப் பயம் அது. அந்தக் குண்டை பாண்ட் கோமாளி வேஷத்தில் செயலிழக்கச் செய்கிறார். சிரிப்பும் பதற்றமும் ஒரே முகத்தில். வில்நெவுக்கு இது வருமா என்பதுதான் என் சந்தேகம். அவர் படங்களில் யாராவது சிரித்து நான் பார்த்த ஞாபகம் இல்லை.

கடைசி_வரிசை:
நீங்கள் படத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். என் பயம் தொடர்களைப் பற்றி. பாண்ட் படங்களின் ஸ்டூடியோவான எம்ஜிஎம்மை 845 கோடி டாலருக்கு வாங்கிய அமேசான்காரர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு படத்தோடு நிறுத்துவார்களா? எம்மின் செயலாளர் மணிபென்னிக்கு எட்டு எபிசோடு, பாண்டுக்குக் கருவிகள் செய்துதரும் கியூவின் கல்லூரிக் காலம் பத்து எபிசோடு என்று இறங்கிவிட்டால் முடிந்தது. 1989-க்குப் பிறகு வழக்கு வம்பில் ஆறு வருடம் பாண்டே இல்லை. அந்தப் பசியோடு போனதால்தான் 1995-ல் அணைக்கட்டிலிருந்து குதிக்கும் காட்சிக்கு விசில் பறந்தது.

மழைக்குருவி:
பசி என்று நாம்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 1962, 63, 64, 65: முதல் நான்கு படங்கள் வருடத்துக்கு ஒன்று. அந்த நான்கில்தான் பாண்டே உருவானார். கிளைக்கதை ஆசையும் அமேசானோடு வந்தது இல்லை. 2002 படத்தில் ஹாலி பெர்ரி நடித்த ஜிங்க்ஸ் பாத்திரத்துக்குத் தனிப்படம் எடுக்கத் திட்டம் போட்டுக் கைவிட்டார்கள். ஆனால் கியூவின் கல்லூரிக் காலத்தை நானும் பார்க்கமாட்டேன், சத்தியமாக.

கடைசி_வரிசை:
அந்த நான்குக்கும் கையில் ஃப்ளெமிங் நாவல் இருந்தது, வேகமாக எடுக்க முடிந்தது. இப்போது என்ன இருக்கிறது?

பழைய_ரீல்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! சீட்டாட்டம் அப்படியே கிடக்கிறது.

துரும்புச்சீட்டு:
சரி, தலைப்புக்கு வருவோம். செத்தவரை என்ன செய்வது? ‘ஜேம்ஸ் பாண்ட் என்பது ஒரு சங்கேதப் பெயர், ஆள் மாறினாலும் பெயர் மாறாது’ என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். மூர் நின்றது 1969-ல் பாண்டாக நடித்த லேசன்பி கட்டிய மனைவியின் கல்லறையில். 2012 படத்தில் ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ பாண்ட், மோனிக் பாண்ட் என்று அப்பா அம்மா கல்லறையே இருக்கிறது. அந்தக் கதை எடுபடாது.

மழைக்குருவி:
விளக்கம் எதற்கு? சொல்லாமல் விட்டுவிட வேண்டியதுதான். 1962-ல் கானரியை எப்படிப் பார்த்தோம்? சூதாட்ட மேசையில் முதலில் கை, அப்புறம் சிகரெட், அப்புறம் பெயர். அதற்கு முன்னால் அவர் எங்கே பிறந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சாவை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அறுபது வருடமாக யாரை வேண்டுமானாலும் தொட்ட கை, தொட்டால் காதலியும் மகளும் செத்துவிடுவார்கள் என்ற விஷத்தோடு தீவில் தனியாக நிற்கிறது. அது முடிந்த கதை. முடிந்ததாகவே இருக்கட்டும். அடுத்தவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

துரும்புச்சீட்டு:
அப்படியானால் அடுத்தவருக்குச் சொந்தக் கதை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

மழைக்குருவி:
முதல் படத்துக்கு மட்டும். இரண்டாவதில் யாராவது செத்தாக வேண்டும்.

ஈரோட்டுக்காரன்:
அதெல்லாம் இருக்கட்டும், துப்பாக்கிக் குழல் காட்சி தொடக்கத்திலேயே வருமா? 2008-லும் 2012-லும் அதைக் கடைசியில் வைத்தார்கள். இரண்டு தடவையும், ஏதோ தவறிவிட்டதோ என்று விளக்கு எரியும்வரை உட்கார்ந்திருந்தேன்.