ட்ரையல் இருக்கும்போது ரீஃபண்டும் தரணுமா?

கேள்வி: ஒரே தடவை பணம் கட்டி வாங்குற டெஸ்க்டாப் ஆப். 14 நாள் இலவச ட்ரையல் ஏற்கெனவே இருக்கு. ரீஃபண்டும் வேணுமா? லைசென்ஸ் கீயை (வாங்கினதும் ஆப்பைத் திறக்கக் கொடுக்கிற குறியீடு) வச்சுக்கிட்டே பணத்தைத் திரும்பக் கேட்டா?

பதில் 1: வேணும். ட்ரையல்ல சின்ன ஃபைலை மட்டும் திறந்து பார்த்தவருக்கு, வாங்கினப்புறம் பெரிய ஃபைலைத் திறந்ததும் ஆப் நின்னு போகலாம். 30 நாள், காரணம் கேட்காம கொடுத்துடுங்க. மறுத்தா ஆள் நேரா பேங்க்ல சார்ஜ்பேக் போடுவார், அதாவது கார்டுல கட்டின பணத்தை பேங்க் மூலமாவே திரும்ப எடுப்பார். விலையும் போகும், மேல கட்டணமும் விழும். அது அதிகமானா பேமென்ட் கணக்கையே முடக்கிடுவாங்க.

பதில் 2: முதல்ல சர்வர்ல கீயை ரத்து பண்ணுங்க, அப்புறம் பணம். ஆனா ஆக்டிவேஷன் அப்போ, அதாவது முதல்ல கீயைப் போடும்போது மட்டும் சரிபார்க்கிற ஆப்புக்கு ரத்து ஆனதே தெரியாது. வாரம் ஒரு தடவையாவது சர்வரைக் கேட்கட்டும். நெட் இல்லன்னா உடனே பூட்டிடாதீங்க, காசு கொடுத்தவர்தான் முதல்ல மாட்டுவார்.

பதில் 3: 30 நாள் ஆப்புக்கு சரி. எழுத்துரு, டெம்ப்ளேட், சோர்ஸ் கோட் மாதிரி இறக்கினதுமே கைக்கு வந்துடற பொருளுக்கு ஒத்துவராது. கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் கடையில ரீஃபண்ட் கிடைக்க, வாங்கி 14 நாளுக்குள்ள கேட்கணும், 2 மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருக்கணும், ரெண்டும் பொருந்தணும். ஐரோப்பிய ஒன்றியத்துல வித்தா 14 நாள் விலகல் உரிமை (வாங்கினதை ரத்து பண்ணி பணத்தைத் திரும்பக் கேட்கிறது) சட்டத்துலயே இருக்கு. டவுன்லோடுக்கு முன்னாடி வாடிக்கையாளர் வெளிப்படையா சம்மதிச்சு, அந்த உரிமை போகும்னு ஒப்புக்கிட்டாதான் அது நீங்கும். அந்தச் சம்மதத்துக்கான டிக் பாக்ஸை நீங்களே டிக் போட்டு வைக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்: பின்னாடி ஆண்டுச் சந்தா கொண்டுவந்தா?

பதில் 1: சந்தா தானா புதுப்பிச்ச தேதியிலேர்ந்து ரீஃபண்ட் நாளை எண்ணுங்க, முதல்ல வாங்கின தேதியிலேர்ந்து இல்ல. புதுப்பிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி மெயிலும் அனுப்புங்க.