புதுப்பிப்பு: பொட்டாஷ் கரைசலில் ஊறிய நெல் விதை, 40 நாள் கழித்து

வேதாரண்யம் பக்கம் எங்கள் உவர் (உப்பு மிகுந்த) வயலில், புழுதி விதைப்புக்கு (காய்ந்த மண்ணில் விதைத்து மழைக்குக் காத்திருப்பது) முன் விதையைக் கடினப்படுத்தினால், அதாவது ஊறவைத்து மறுபடி உலர்த்தினால், பலன் உண்டா என்று ஆடிக் கடைசியில் கேட்டிருந்தேன். செய்து பார்த்துவிட்டேன். ரகம் கோ 43.

10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு (பொட்டாஷ்), அதாவது 1 சதவீதக் கரைசல். அதில் 10 கிலோ விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்தினேன். இந்த உலர்த்தல்தான் உயிர்நாடி. ஊறும்போதே முளைப்புக்கான வேலை விதைக்குள் தொடங்கிவிடுகிறது. முளை வெளியே வருமுன் அதை நிறுத்திவைக்கிறோம். முளை எட்டிப்பார்த்த பிறகு உலர்த்தினால் விதை போச்சு.

மழை விழுந்ததும் ஊறிய விதை இரண்டு நாள் முந்தியே, சீராக முளைத்தது. பக்கத்துப் பாத்தியில் ஊறாத விதை திட்டுத்திட்டாகத்தான் வந்தது. பார்க்கவே மனசு நிறைந்தது.

ஆனால் வாய்க்கால் ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தில் இரண்டுமே கருகிவிட்டன. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இளநாற்றிலும் பூக்கும் பருவத்திலும்தான் தடுமாறும். அங்கே விதை நேர்த்தி மட்டும் போதாது.

அப்புறம், ஜிப்சம் போடச் சொன்ன அண்ணனுக்கு: மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 8.5க்குக் கீழேதான், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்தான் 4 dS/m-க்கு மேல். இது கரையும் உப்பு மிகுந்த உவர் நிலம், சோடியம் மண்ணில் ஒட்டிக்கிடக்கும் களர் இல்லை. ஜிப்சம் களருக்குத்தான். மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவுவதுதான் இதற்கு வழி. வடிகாலை ஆழப்படுத்திக்கொண்டிருக்கிறேன். பூக்கும்போது மறுபடி எழுதுகிறேன்.