பொருள்: ‘பேரலலோமேனியா’வுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பாளர், சென்னை. திங்கள் காலை

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு சமய வரலாற்று நூலின் ஏழாம் இயலில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். மெய்ப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். இயலின் பொருள் உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். எகிப்தியத் தெய்வம் ஹோரஸ், உரோமர் வழிபட்ட மித்ராஸ், ‘வெல்லப்படாத சூரியன்’ எனப்பட்ட உரோமத் தெய்வம் சோல் இன்விக்டஸ் எல்லோரும் டிசம்பர் 25 அன்று கன்னியிடம் பிறந்தார்களாம். எல்லோருக்கும் பன்னிரண்டு சீடராம். எல்லோரும் மூன்றாம் நாள் எழுந்தார்களாம். ஆகவே கிறிஸ்துவும் வேடமிட்ட சூரியனேயாம். நூலாசிரியர் இதை வரிவரியாகப் பிரித்து மேய்ந்துவிட்டு, இந்தப் போக்குக்கு ‘பேரலலோமேனியா’ என்று பெயர் சொல்கிறார். சொல்லைப் பரப்பியவர் சாமுவேல் சாண்ட்மெல் என்ற யூத அறிஞர். 1961 டிசம்பரில் அமெரிக்க விவிலிய ஆய்வாளர் சங்கத்தில் தலைமையுரையாகப் பேசினார். 1962இல் அச்சில் வந்தது. ஒப்புமை காண்பதை அவர் கண்டிக்கவில்லை. ஒப்புமையை ஊதிப் பெருக்கி, அதே மூச்சில் ‘இது அதிலிருந்துதான் வந்தது’ என்று மூலமும் வழியும் சொல்லிவிடுவதைத்தான் கண்டித்தார்.

இந்தச் சொல் இயலில் பதினான்கு இடங்களில் வருகிறது. ‘இணைப்பித்து’ என்று போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா?

இன்னொரு தலைவலியும் உண்டு. ஆங்கிலத்தில் சூரியனும் ‘சன்’, மகனும் ‘சன்’ என்பதை வைத்து ஒரு வாதம் வருகிறது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே நிற்பதால் வாசகர் அச்சுப்பிழை என்று நினைப்பார்.

இறையியல் ஆசிரியர், பாளையங்கோட்டை. திங்கள் பகல்

சிலேடைக்கு அடிக்குறிப்பில் இரண்டு வரி போதும். நற்செய்தி நூல்கள் எழுதப்பட்ட கிரேக்கத்தில் சூரியன் ஹீலியோஸ், மகன் ஹுயியோஸ். இலத்தீனில் சோல், ஃபீலியுஸ். ஆங்கிலம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட நூலுக்குள் ஆங்கிலச் சிலேடை எப்படிப் புகுந்தது என்று கேட்டாலே அந்த வாதம் முடிந்துவிடும்.

ஹோரஸைப் பற்றியும் ஒரு குறிப்பு சேருங்கள். அவன் தாய் இசிஸ், கொலையுண்டு துண்டாடப்பட்ட கணவன் ஓசிரிஸின் உடலைத் தேடிச் சேர்த்து, அவனாலேயே கருவுற்றவள். கணவனுக்காக அத்தனை பாடுபட்டவளைக் கன்னி என்பது அவளுக்கே பிடிக்காது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர். திங்கள் இரவு

தம்பி, ‘இணைப்பித்து’ வேண்டாம். இணை, இணைப்பி, இணைப்பித்து. கற்பித்து, செய்வித்து போலப் பிறவினை எச்சமாக நிற்கிறது. ‘அவர் மித்ராஸையும் கிறிஸ்துவையும் இணைப்பித்து எழுதினார்’ என்று ஒருவர் எழுதினால் அதில் பெயர்ச்சொல் எங்கே, வினை எங்கே?

இணை என்பதிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. இணைகோடு என்றால் ஒருக்காலும் கூடாதது. இணைதல் என்றால் கூடுவது. ஒரே வேர் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. கிரேக்கத்தில் ‘பாரா அல்லேலோஸ்’ என்றால் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று என்பதுதான். பக்கத்தில் நிற்பதோடு சரி, கூடுவதில்லை.

என் பரிந்துரை: ஒப்புமை வெறி. வெறி என்றதும் குடிவெறியை நினைக்காதீர்கள். குறிஞ்சித் திணையின் வெறியாட்டை நினையுங்கள். மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது. தாய் முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குக் காய்களை எண்ணிக் குறி பார்த்து, இது முருகன் அணங்கியது, அவன் தந்த வருத்தம் என்கிறான். உண்மையில் அணங்கியவன் மலைநாட்டுத் தலைவன். நோயின் தோற்றம் ஒத்திருக்கிறது, காரணம் தவறு. உங்கள் சாண்ட்மெல் சொன்னதும் இதுவே அல்லவா? தோழிக்கு உண்மை தெரியும். பல பாட்டுகளில் அவள்தான் வாயைத் திறந்து வெறியாட்டை விலக்குகிறாள்.

கணித ஆசிரியை, யாழ்ப்பாணம். செவ்வாய் காலை

ஐயாவின் வேலன் அருமை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘ஒப்புமை வெறி’ என்றால் மதவெறி, சாதிவெறி வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.

பக்கத்தில் வந்துவிட்டதால் ஒன்று சொல்கிறேன். எங்களூரில் கிறிஸ்துமஸை நத்தார் என்கிறோம். போர்த்துக்கேயரின் ‘நதால்’ தந்த சொல். அதன் தாய் இலத்தீன் ‘நாத்தாலிஸ்’, பிறந்தநாள். 354ஆம் ஆண்டின் உரோம நாட்காட்டியில் டிசம்பர் 25க்கு எதிரே ‘நாத்தாலிஸ் இன்விக்டி’, வெல்லப்படாதவனின் பிறந்தநாள், முப்பது தேரோட்டப் பந்தயங்கள் என்று குறித்திருப்பார்கள். சூரியனுக்கு எழுதிய சொல் எங்கள் அடுப்படி வரை வந்திருக்கிறது.

பொறியாளர், கோயம்புத்தூர். செவ்வாய் பகல்

யாழ்ப்பாண அக்கா சொன்னதைத்தான் சொல்ல வந்தேன். பித்து, வெறி என்று பெயர் வைத்தால் ஒப்புமை காட்டுகிறவனையெல்லாம் பைத்தியக்காரன் ஆக்கி வாயடைத்துவிடலாம். ஒப்புமையே இல்லையா? வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்துக்கு அடியில் உள்ள கல்லறைத் தொகுதியில் ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. விதானத்து மொசைக்கில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒருவர் தேரில் போகிறார். வெள்ளைக் குதிரைகள். தலையைச் சுற்றிக் கதிர்கள். அவரைக் கிறிஸ்து என்றுதான் அறிஞர் பலரும் சொல்கிறார்கள். உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321இல் ஓய்வுநாள் சட்டம் போட்டபோது அந்த நாளுக்கு ‘ஞாயிற்றின் நாள்’ என்றே பெயர். நாமும் கோயிலுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை! இதைச் சொன்னால் எனக்குப் பித்தா?

இறையியல் ஆசிரியர், பாளையங்கோட்டை. செவ்வாய் மாலை

இல்லை, கோவை நண்பரே. அந்த மொசைக்கை நானும் வகுப்பில் காட்டுகிறேன். கிறிஸ்தவர்களே சூரியனின் உருவத்தை எடுத்தாண்டார்கள், கூச்சமில்லாமல். ‘நீதியின் சூரியன் உதிக்கும், அதின் செட்டைகளின்கீழ் ஆரோக்கியம் இருக்கும்’ என்று பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி மல்கியா எழுதியது உரோமில் சூரியக் கோயில் எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஐந்தாம் நூற்றாண்டில் போப் லியோ நத்தார் மறையுரையில் தம் மக்களையே கடிந்துகொள்கிறார்: பேதுரு கோயில் படியேறி வந்தவர்கள் வாசலில் திரும்பி நின்று உதயசூரியனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே நுழைகிறார்களாம். இது உண்மையான கலப்பு. இதற்குச் சமயக்கலப்பு என்ற சொல் இருக்கிறது.

தேதியில்தான் ஆட்களின் கால் வழுக்குகிறது. பேரரசன் ஆரேலியன் சூரியனுக்குக் கோயில் கட்டியது 274இல். ஆனால் டிசம்பர் 25 சூரியனின் நாள் என்பதற்கு எல்லோரும் நீட்டுகிற பழைய சான்று அக்கா சொன்ன அதே 354 தொகுப்புதான். அதே தொகுப்பில் இன்னொரு பட்டியல் அந்த நாளில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்கிறது. அந்தப் பட்டியல் 336ஐ ஒட்டியது என்பார்கள். யார் யாரிடம் வாங்கினார்கள்? 1889இல் பிரெஞ்சுத் திருச்சபை வரலாற்றறிஞர் துஷேன் வேறு வழி காட்டினார்: இயேசு இறந்த நாளை மார்ச் 25 என்று கணக்கிட்டவர்கள் கருவுற்ற நாளும் அதுவே என்று கொண்டு, ஒன்பது மாதம் கூட்டியிருக்கலாம். இதுவும் ஊகம்தான். இரண்டில் எதைச் சொன்னாலும் பித்தன் ஆகமாட்டீர்கள். ‘ஐயமே இல்லை, திருடினார்கள்’ என்பவருக்குத்தான் இந்தச் சொல்.

நாத்தாலிஸ் என்பது கோயில் திறந்த நாளுக்கும் பேரரசன் பதவியேற்ற நாளுக்கும் கூட வழங்கிய சொல், அக்கா. அடுப்படி தப்பித்தது.

யோகாசனப் பயிற்சியாளர், சிங்கப்பூர். புதன் காலை

மித்ராஸ் வேறு யார்? நம் மித்திரனேதான். சூரிய நமஸ்காரத்தின் முதல் மந்திரமே ‘மித்ராய நமஹ’. உரோமில் கல்வெட்டே ‘வெல்லப்படாத சூரியத் தெய்வமாகிய மித்ராஸுக்கு’ என்கிறது. கிருஷ்ணன், கிறிஸ்து, ஈசன், ஏசு. இதைவிடச் சான்று வேண்டுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர். புதன் காலை

தம்பி சென்னைக்கு: உங்கள் சொல்லுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் மேலே உள்ள மடலை அப்படியே அச்சிடலாம்.

சிங்கப்பூர் நண்பர் கோபிக்க வேண்டாம். கிறிஸ்து என்றால் கிரேக்கத்தில் எண்ணெய் பூசப்பெற்றவர், கிருஷ்ணன் என்றால் கருநிறத்தவன். ஒலி ஒத்தால் உறவு என்றால் என் பெயரனுக்கு ஊரெல்லாம் மாமன்.

இறையியல் ஆசிரியர், பாளையங்கோட்டை. புதன் பகல்

மித்திரன் என்ற பெயருக்கும் மித்ராஸ் என்ற பெயருக்கும் உறவு உண்டு; அதை மறுக்கவில்லை. பெயர் பயணம் போனால் கதையும் கூடவே போனது என்று கொள்வதில்தான் சிக்கல். உரோம மித்ராஸ் கோயிலுக்குள் நுழைந்தால் நீங்கள் காண்பது என்ன? நிலத்தடியில் குகை போன்ற அறை. எதிர்ச்சுவரில் புடைப்புச் சிற்பம். குல்லாய் அணிந்த இளைஞன் காளையின் முதுகில் முழங்காலை ஊன்றி, மூக்கைப் பிடித்து இழுத்துக் கத்தியைப் பாய்ச்சுகிறான். நாயும் பாம்பும் இரத்தத்துக்குத் தாவுகின்றன. தேள் விதைப்பையைக் கவ்வுகிறது. மேல் மூலையில் சூரியன் தனி ஆளாக நின்று பார்க்கிறான். வேறு சிற்பங்களில் மித்ராஸும் சூரியனும் எதிரெதிரே அமர்ந்து விருந்துண்கிறார்கள். மித்ராஸ் பிறந்தது பாறையிலிருந்து, பாதி வளர்ந்த ஆளாக. பாறையைக் கன்னி என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

மித்ராஸ் சடங்கின் அப்பமும் கிண்ணமும் எங்கள் நற்கருணையை ஒத்திருந்ததை இரண்டாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் கவனித்தார். அவருடைய விளக்கம்: பேய்கள் நம்மைப் பார்த்து நடித்தன. பாருங்கள், ஒப்புமையிலிருந்து மூலத்துக்குத் தாவும் வியாதி எங்கள் பக்கமும் உண்டு. திசைதான் வேறு.

பொறியாளர், கோயம்புத்தூர். புதன் பகல்

கடைசி இரண்டு வரிகளுக்காக என் எதிர்ப்பைப் பாதி திரும்பப் பெறுகிறேன். பித்து மட்டும் வேண்டாம். சுந்தரர் இறைவனையே பித்தா என்று அழைத்த மொழியில் அது இழிசொல்லும் ஆகாது.

பேரலலோமேனியா என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கணித ஆசிரியை, யாழ்ப்பாணம். புதன் மாலை

எழுதலாம். வாசகர் அதை மருந்துக் கடையில் கேட்பார்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று: 1827இல் பெரேஸ் என்ற பிரெஞ்சுக்காரர் நெப்போலியன் வாழவே இல்லை, அவன் சூரியன் என்று மெய்ப்பித்தார். அப்போலோவின் தாய் லேட்டோ, நெப்போலியனின் தாய் லெட்டிசியா. நான்கு சகோதரர் நான்கு பருவங்கள். பன்னிரண்டு தளபதிகள் பன்னிரண்டு இராசிகள். கிழக்கே எகிப்திலிருந்து எழுந்து வந்தவன் மேற்குக் கடலில் மறைந்தான். சமயமெல்லாம் சூரிய வழிபாடே என்று எழுதிய துய்ப்புயியைக் கேலி செய்யப் புறப்பட்டவர் அவர். நெப்போலியன் இறந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன!

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர். புதன் இரவு

நம்மிடமும் உண்டே. ‘திங்களைப் போற்றுதும்’ என்று தொடங்கும் சிலப்பதிகாரம், அடுத்து ‘ஞாயிறு போற்றுதும்’ என்று பாடும்போது சூரியனைச் சோழனின் ஆணைச் சக்கரத்தோடு ஒப்பிடுகிறது. அதை வைத்துச் சோழன் வாழவில்லை என்று யாரும் சொன்னதில்லை. உவமைக்கும் உறவுக்கும் வேறுபாடு தெரிந்த கூட்டம் நாம். வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியர் நான்கே வகைக்குள் உவமையை அடக்கினார். அந்த நான்கில் பிறப்பு இல்லை.

வெறியை நான் விட்டுக்கொடுக்கிறேன். மயக்கம் என்று வைப்போமா? இலக்கணத்தில் மயக்கம் என்றால் கலத்தல்: திணைமயக்கம், மெய்ம்மயக்கம். உலக வழக்கில் தெளிவிழத்தல். அணியிலக்கணத்தில் மயக்க அணி என்றே ஒன்று உண்டு, ஒப்புமையால் ஒன்றை இன்னொன்றாகக் கொள்வது. நளவெண்பாவில் பூக்கொய்யும் பெண்ணின் முகத்தைத் தாமரை என்று எண்ணி வண்டு வருகிறது. அவள் கையால் மறைக்கிறாள். கையைக் காந்தள் என்று எண்ணி அதன்மேலும் பாய்கிறது. அவளுக்கு வேர்த்துவிடுகிறது. ஒரு தவறான ஒப்புமையைத் தடுத்தால் அடுத்ததுக்குத் தாவும் அந்த வண்டை நான் இணையத்தில் நாள்தோறும் பார்க்கிறேன்.

ஒப்புமை மயக்கம். முடிந்தது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை. வியாழன் மாலை

வாக்கெடுப்பு மாதிரி தனிமடல்கள் வந்தன. ஏழு பேர் ஒப்புமை மயக்கம். இருவர் ஒப்புமை வெறி (ஐயா கைவிட்ட பின்னும்). ஒருவர் பேரலலோமேனியா. ‘ஒப்பாரி’ என்று ஒருவர். அகராதியில் ஒப்பாரிக்கு ஒப்பு என்ற பொருளும் உண்டாம், எனக்கு அழத்தான் வருகிறது.

ஒப்புமை மயக்கம் என்றே பதினான்கு இடத்திலும் மாற்றிவிட்டேன். வண்டு முதல் அடிக்குறிப்பில் போகிறது. இரவே அனுப்புகிறேன். நன்றி.

பொறியாளர், கோயம்புத்தூர். வியாழன் இரவு

அனுப்புங்கள். ஆனால் மயக்கம் என்றதும் என் மனைவி ‘யாருக்கு, சர்க்கரை பார்த்தார்களா’ என்றார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர். வெள்ளி, காலை 5.10

தம்பி, தொகை என்றால் சேர்த்து எழுதுங்கள்: ஒப்புமைமயக்கம். ஒற்று மிகாது. ஒப்புமையால் வந்த மயக்கம், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

இறையியல் ஆசிரியர், பாளையங்கோட்டை. வெள்ளி, காலை 6.30

ஐயா, மன்னிக்க வேண்டும். ஒப்புமையின்கண் மயக்கம், ஏழாம் வேற்றுமை. மூன்றாவது என்றால் குற்றம் ஒப்புமையின் தலையில் விழுகிறது. தாமரை என்ன செய்யும்?