2014 மாடல் டீசல் எர்டிகா, 1,10,000 கிலோமீட்டர்: வாங்கலாமா?

தண்டையார்பேட்டை_6பேர்:
வீட்டில் ஆறு பேர். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஷேர் ஆட்டோவில் ஏற முடியவில்லை. வேளச்சேரியில் ஒருவர் மாருதியின் ஏழு சீட்டர் டீசல் எர்டிகா கொடுக்கிறார், 2014 மாடல், ஒரே ஓனர், நாலே முக்கால் லட்சம் கேட்கிறார். எனக்கு தினமும் மணலிக்கு வேலைக்குப் போக எட்டு, திரும்ப எட்டு கிலோமீட்டர், மாதம் ஒரு தடவை திண்டிவனம். வாங்கலாமா?

பெரம்பூர்_பெட்ரோல்:
வேண்டாம் தம்பி. நானும் இப்படித்தான் லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஒரு டீசல் காரை (எர்டிகா இல்லை, வேறு கம்பெனி) நம்பி வாங்கினேன். இரண்டாவது வருஷம் இன்ஜெக்டர், அப்புறம் டர்போவில் ஆயில் கசிவு, அதற்கு மேல் கிளட்ச் செட், மொத்தம் 85,000 ரூபாய் போயிற்று. பெண்ணின் காலேஜ் பீஸுக்கு எடுத்து வைத்த பணம் அது. பெட்ரோல் வண்டி பாருங்கள்.

காசிமேடு_கடற்கரை:
பெரம்பூர் அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் ஒரு வண்டியை வைத்து எல்லா டீசலையும் தள்ளாதீர்கள். எர்டிகாவில் இருந்தது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், புன்டோ எல்லாவற்றிலும் ஓடியது இதே இன்ஜின்தான். இன்ஜினுக்குள் அவ்வப்போது மாற்ற வேண்டிய ரப்பர் டைமிங் பெல்ட் கிடையாது, இரும்புச் சங்கிலி (டைமிங் செயின்). நேரத்துக்கு ஆயில் மாற்றினால் டாக்ஸிக்காரர்கள் இரண்டு, மூன்று லட்சம் ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு இன்ஜின் பயமில்லை. வேளச்சேரி என்றதும்தான் வயிற்றைக் கலக்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வண்டி எங்கே நின்றது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கே நின்றது என்று முதலில் கேளுங்கள்.

வியாசர்பாடி_தெரு:
வேளச்சேரியை மட்டும் ஏன் சொல்கிறீர்கள், மிக்ஜாமில் எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர்தான். பக்கத்து வீட்டு அண்ணன் தண்ணீர் வடிந்த அன்றே அவசரப்பட்டு செல்ஃப் அடித்துவிட்டார். இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதேதான் நடந்தது. சாதாரண பாலிசியில் இதற்குப் பணம் வராது, இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு தனியாகப் போட்டிருக்க வேண்டும், அவர் போடவில்லை. தென்சென்னையோ வடசென்னையோ, வண்டியைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், மேலே எவ்வளவு கழுவினாலும் அங்கே யாரும் கை வைப்பதில்லை. காலடியில் போட்டிருக்கும் மேட்டை (mat) தூக்கி வண்டியின் தரையை முகர்ந்து பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். ஒயரிங்கில் ஏறிய ஈரம் ஒரு வருஷம் கழித்துக்கூட வேலை காட்டும்.

பெரம்பூர்_பெட்ரோல்:
இன்ஜின் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பாருங்கள். எர்டிகா 2012ல் வந்தபோது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம், இன்று எட்டு ரூபாய் சொச்சம். தம்பி மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டுவார், மைலேஜையும் சேர்த்தால் டீசலில் மிச்சம் 1,800, 2,000 ரூபாய் வரும். ஒரு வருஷ மிச்சத்தை ஒரே ஒரு கிளட்ச் வேலை தின்றுவிடும். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையில் முதல் கியரிலேயே ஊர்ந்தால் எந்தக் கிளட்ச் தாங்கும்? போதாததற்கு மாருதி 2020லேயே டீசல் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது.

காசிமேடு_கடற்கரை:
கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீசல் என்றாலே சின்னத் தூரத்துக்கு ஆகாது என்ற பேச்சு பெரும்பாலும் புகை வடிகட்டி வைத்த பிஎஸ்6 (2020ல் வந்த புகை விதி) வண்டிகளுக்குப் பொருந்துவது, 2014 வண்டியில் அந்த வடிகட்டி கிடையாது. ஆறு பேரோடு ஏசி போட்டு திண்டிவனம் போகும்போது டீசலின் இழுவை தெரியும். தம்பி, இன்னொன்று, வண்டியை ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள்? எங்கள் பக்கம் உப்புக்காற்றில் இன்ஜின் கெடுவதற்கு முன்பே வண்டியின் தகரம் துருப்பிடித்துப் போய்விடும். என் வண்டியில் கதவுக்குக் கீழே டிங்கரிங் வேலை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். எதை வாங்கினாலும் லிப்டில் ஏற்றி அடிப்பக்கம், பிரேக் குழாய் எல்லாம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தண்டையார்பேட்டை_6பேர்:
நேற்று மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் நன்றாகத்தான் இருந்தது, மெக்கானிக்கும் குறை சொல்லவில்லை. மூன்றாவது வரிசை சீட் பெல்ட்டை இழுத்தேன், கடைசி ஒரு சாண் முழுக்கக் காய்ந்த சேறு. ஓனரிடம் கேட்டேன், கடற்கரைக்குப் போன மணல் என்றார். சர்வீஸ் புக்கில் 2023 நவம்பருக்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிட்டேன். கொளத்தூரில் ஒரு பெட்ரோல் ஏழு சீட்டர் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வண்டி தெருவில்தான் நிற்கும் அண்ணே, அடிப்பக்கக் கோட்டிங்குக்கு எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.