புதுப்பிப்பு: தங்கையின் உதட்டு ஃபில்லர் விஷயம்
அழகு நிலையமொன்றில் உதட்டுக்கு ஃபில்லர் (உதட்டைப் பருமனாக்க ஊசி மூலம் செலுத்தும் ஜெல்) போட்டுக்கொள்ள என் தங்கை முன்பணம் கட்டியிருந்ததால், அது பாதுகாப்பானதா என்று இங்கே கேட்டிருந்தேன். பிறகு அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஃபில்லரில் உள்ள ஹையலூரோனிக் அமிலம் தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் புகுந்தால் தோல் வெளுத்து, வலித்து, வலைப்பின்னல் போலக் கருநீலத் திட்டுகள் படரும் என்றும், தாமதமின்றி அதைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸைச் செலுத்தாவிட்டால் அந்த இடத்துத் திசு அழுகிவிடக்கூடும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். மூக்கிலோ புருவங்களுக்கு இடையிலோ போடும்போது, அரிதாகப் பார்வையே பறிபோகலாம். ஃபில்லரைக் கரைக்கும் அந்த மருந்து கைவசம் உள்ளதா என்று நிலையத்தில் விசாரித்தபோது, அப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஊசிக்குப் பதிலாக அழுத்தத்தால் ஃபில்லரைச் செலுத்தும் ஊசியில்லாப் பேனாக்களைக்கூடத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரித்திருக்கிறது. முன்பணத்தைத் தர மறுக்கிறார்கள். போனால் போகட்டும் என்று தங்கையே சொல்லிவிட்டாள்.