அம்மாவை லண்டனில் எங்கே தேநீருக்கு அழைத்துப் போவது?

மலைநாட்டு மகள்
அடுத்த மாதம் அம்மா முதன்முறையாக லண்டன் வருகிறார். இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஒரு பிற்பகல் முழுவதையும் அவருக்காக ஒதுக்கி, மூன்றடுக்குத் தட்டு வைத்துப் பரிமாறும் ஆஃப்டர்நூன் டீக்கு அழைத்துப் போக நானும் தம்பியும் விரும்புகிறோம். ரிட்ஸ் ஹோட்டல்தான் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அம்மா மாடும் பன்றியும் தொடமாட்டார், முட்டை சாப்பிடுவார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிக்காடிலிவாசி
தம்பி சொல்வதுதான் சரி. 1906இல் திறந்த ஹோட்டல் அது. பாம் கோர்ட் கூடத்தின் கண்ணாடி விளக்குகளும் பியானோவும் லண்டனில் இன்னும் பழைய மரியாதையோடு இருப்பவை. தம்பிக்குக் கோட்டும் டையும் கட்டாயம், இல்லையென்றால் வாசலோடு நிற்க வேண்டியதுதான். அம்மா பட்டுச்சேலையில் வரட்டும். மேசையைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். பன்றி இறைச்சி சான்ட்விச் வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சைவத் தட்டு கேட்டாலும் தருவார்கள். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவருக்கு இல்லாத உரிமை, அந்தக் கூடத்தில் உட்கார வேறு யாருக்கு இருக்கிறது?

தெற்குக்கரை
உரிமை பற்றிக் கேள்வியே இல்லை. அம்மா அங்கே நிம்மதியாக உட்கார்வாரா என்பதுதான் கேள்வி. தலைக்கு 70 பவுன் என்றே வையுங்கள். இப்போது அதையும் தாண்டிவிட்டது. மூன்று பேருக்கு 210. அதன்மேல் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் 236 பவுன். தோட்டத்தில் வளர்ந்த என் பெரியம்மாவை இப்படி ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போனோம். விலை அவர் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கடைசி ஸ்கோனை, அந்தச் சின்ன ரொட்டிக் கேக்கை, கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சவுத் கென்சிங்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. 1860களில் கட்டிய மூன்று உணவு அறைகள் இன்றும் இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குள் உணவகம் என்ற வழக்கமே அங்கே தொடங்கியதாகச் சொல்வார்கள். பச்சைச் சுவர் கொண்ட அறை, வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் நிறுவனம் அலங்கரித்தது. ஒரு கெண்டித் தேநீர், ஸ்கோன், ஜாம், கெட்டி கிரீம். அவ்வளவு போதும்.

பிக்காடிலிவாசி
உங்கள் பெரியம்மாவுக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் அதற்கு ஹோட்டலைக் குறை சொல்லாதீர்கள். பில்லை முன்கூட்டியே கட்டிவிட்டால் விலை யார் காதிலும் விழாது. இன்னொன்று: 1840களில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, மதிய உணவுக்கும் இரவு எட்டு மணி விருந்துக்கும் நடுவில் பசி தாங்காமல் ஆரம்பித்த பழக்கம் இது என்பார்கள். பிறப்பிலேயே மாளிகைப் பழக்கம். அதை மாளிகை போன்ற இடத்தில் அனுபவிப்பதுதான் பொருத்தம்.

தெற்குக்கரை
பிறந்தது மாளிகையில் என்றாலும் வளர்ந்தது தெருவில், ஐயா! உங்கள் பிக்காடிலித் தெரு 213ஆம் எண்ணில்தான் 1894இல் லயன்ஸ் தேநீர்க்கடை திறந்தது. பிறகு நாடு முழுவதும் பரவியது. தட்டச்சு செய்யும் பெண்ணும் கடைச் சிப்பந்தியும் வெள்ளை மேசையில் உட்கார்ந்து, சீருடை அணிந்த பணிப்பெண் பரிமாறத் தேநீர் குடித்தார்கள். ஆண்துணை இல்லாமல் ஒரு பெண் கௌரவமாக உட்கார முடிந்த பொதுவிடங்கள் இந்த ஊரில் அன்று மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்த்தவை இப்படிப்பட்ட கடைகள். நான் மதிக்கும் லண்டன் தேநீர் மரபு அதுதான்.

தூள்வாசம்
இருவரும் கூடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கோப்பைக்குள் இருப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை! நான் தேயிலை வணிகத்தில் இருபது ஆண்டுகள் இருந்தவன். ஹட்டன் மலைத் தேயிலை டிம்புலா வட்டாரத்துச் சரக்கு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்ட காற்றில் பறித்த கொழுந்துக்குச் சாயம் பொன்னிறமாக இறங்கும், நாக்கில் ஒரு சுறுசுறுப்பு இருக்கும். முப்பது ஆண்டுகள் அந்த இலையைத் தொட்டவருக்குப் பை போட்ட தேநீரைக் கொடுத்தால் முதல் மிடற்றிலேயே தெரிந்துவிடும்.

என் ஆலோசனை ஃபோர்ட்னம் அண்டு மேசன். 1707இல் தொடங்கிய கடை. மேல்மாடியில் இருக்கும் தேநீர்க்கூடத்தை 2012இல் எலிசபெத் அரசியே திறந்துவைத்தார். டை கட்டாயமில்லை. தேநீர்ப் பட்டியல் நீளமானது. இலங்கைத் தேயிலை எது என்று கேளுங்கள், எடுத்துச் சொல்வார்கள். விலை மட்டும் ரிட்ஸுக்குச் சளைத்ததல்ல என்பதை மறைக்கமாட்டேன்.

இன்னொரு சொல்: பதிவு செய்யும்போது "ஹை டீ" என்று கேட்காதீர்கள். கொழும்பு ஹோட்டல்களில் அது வேறு பொருளில் வழங்குகிறது. இங்கே பழைய வழக்கில் அது தொழிலாளி வீட்டு மாலைச் சாப்பாடு.

தெற்குக்கரை
அப்படியென்றால் 236 பவுன் ஒரு வாசல் தாண்டி அடுத்த வாசலுக்குப் போகிறது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் அம்மாவை மூன்று நாள் ஊர் சுற்றிக் காட்டலாம். அருங்காட்சியகத்துக்கே போங்கள், தங்கை.

பிக்காடிலிவாசி
அங்கே தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வேண்டும் என்பதை ஏன் சொல்லவில்லை? பள்ளி விடுமுறை நாளில் காலி மேசை தேடி அம்மா அந்தத் தட்டோடு அலைய வேண்டுமா?

தெற்குக்கரை
வரிசை இருப்பது உண்மை. தட்டைத் தம்பி தூக்கட்டும், அம்மா அருங்காட்சியகத் தோட்டத்தில் உட்கார்ந்து காத்திருக்கட்டும்.

மலைநாட்டு மகள்
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அம்மாவிடமே தொலைபேசியில் கேட்டேன். விலையைச் சொல்லவில்லை, இடங்களை மட்டும் விவரித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உட்கார்ந்தால் கொண்டுவந்து கொடுப்பார்களா?" மலையில் பத்து மணித் தேநீரை அம்மா எப்போதும் நின்றுகொண்டுதான் குடிப்பார். கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து இறக்கினால் மறுபடி மாட்ட நேரமாகும் என்று இறக்கமாட்டார். சின்ன வயதில் போத்தலில் பிளேன் டீ எடுத்துக்கொண்டு ஓடியவள் நான். அந்தக் கயிறு பதிந்த தடம் அவர் நெற்றியில் இன்னும் இருக்கிறது. அதனால் தட்டேந்தும் இடம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தெற்குக்கரை அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. அருங்காட்சியகத்துக்கு இன்னொரு நாள் கட்டாயம் போவோம்.

ஃபோர்ட்னமில் பிற்பகல் 3.30க்கு மேசை பதிவு செய்துவிட்டேன். பணம் என் பொறுப்பு, தம்பிக்கு டை வேண்டாம்.

தூள்வாசம் ஐயாவிடம் ஒரு கேள்வி. கீழ்த்தளத்தில் தேயிலையை நிறுத்துத் தருவார்களாமே? அம்மா அதைக் கேட்டதும் நிமிர்ந்துவிட்டார். தோட்டத்தில் நிறுவையின்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்துக்கொண்டே போவார்கள். ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய 18 கிலோவுக்கு 200 கிராம் குறைந்தாலும் அன்று அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான்.

தூள்வாசம்
நிறுத்துத் தருவார்கள். பெரிய டப்பாக்களிலிருந்து இலையை அள்ளித் தராசில் கொட்டுவார்கள். தேநீருக்கு அரைமணி முன்னதாகவே போய்விடுங்கள். 125 கிராம் கேளுங்கள், அம்மாவைத் தராசுக்கு நேராக நிற்கவையுங்கள்.