பாம்பன் வீட்டு கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது: வைரஸா, வேறு எதுவுமா?

பாம்பன்_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் விசைப்படகுக் கணக்கு முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. டீசல், ஐஸ், ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், ஒவ்வொரு நடைக்கும் கிடைத்த இறால், நண்டு, கணவாய் எடை எல்லாவற்றையும் எக்செல்லில் நான்தான் ஏற்றுகிறேன். ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அதற்குள் ஆட்களின் கணக்கை முடித்துக் கொடுத்தாக வேண்டும், இந்த நேரம் பார்த்து இது படுத்துகிறது.

2017-ல் வாங்கியது. ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம் இரண்டு, விண்டோஸ் 10. போன மாதம் தம்பி ஏதோ குரூப்பில் வந்த லிங்க்கில் இருந்து வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்றைக் காசு கட்டாமல் கிராக் (பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி) போட்டு ஏற்றினான். மறுநாளே பிரவுசரில் நாங்கள் வைக்காத தேடல் பக்கம் வந்தது, மூலையில் விளம்பரம் குதித்தது. எதையும் திறக்காமல் சும்மா வைத்திருந்தாலும் ஃபேன் இரைகிறது. என்னென்ன நிரல் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது, மூடினால் மறுபடியும் அதே இரைச்சல்.

போன வாரத்திலிருந்து நீலத்திரை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்து வருகிறது, ஒரு முறை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று இருந்தது. சில நேரம் ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வரும், திரை வராது, பக்கவாட்டில் தட்டினால் வருகிறது. விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்க்கலாம் என்று நேற்று போனேன், அங்கேயே உறைந்துவிட்டது. கடையில் காட்டினால் வைரஸ்தான், ஃபார்மட் அடிக்க வேண்டும், கணக்கு ஃபைல் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடுமா?

மண்டபம்_ரிப்பேர்:
தங்கச்சி, ஃபார்மட்டுக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். உங்கள் மெஷினில் இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் வந்திருக்கிறது, கடைக்காரர் ஒன்றை மட்டும் பார்க்கிறார்.

நீங்கள் கடைசியில் எழுதிய பயாஸ் விஷயம்தான் முக்கியம். வைரஸ் ஹார்ட் டிஸ்கில் இருக்கும், விண்டோஸ் ஏறினால்தான் அதற்கு உயிர் வரும். பயாஸ் திரையில் விண்டோஸே கிடையாது. பயாஸுக்குள்ளேயே ஒளியும் வகையும் உண்டு, ஆனால் வீட்டு மெஷினில் அது மிக அரிது. அங்கேயே உறைகிறது என்றால் முதலில் ஹார்டுவேரைத்தான் சந்தேகப்பட வேண்டும். பீப் சத்தம், தட்டினால் வருவது, நீலத்திரையில் தடவைக்கு ஒரு காரணம் வருவது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ரேம்தான் தெரிகிறது.

கேபினெட் எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஜன்னல் பக்கமா? நம்ம ஊர்க் கச்சான் காற்று, அதுதான் மேற்கே இருந்து வீசுவது, உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் அப்பும், ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறதோ அதேதான் உள்ளே இருக்கும் போர்டுக்கும். மண்டபத்திலும் பாம்பனிலும் நான் திறந்துபார்த்த மெஷின்களில் ரேமின் தங்க நிறப் பட்டைகள் மங்கிப்போய், சில இடத்தில் பச்சை பூத்துக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, ரேம் இரண்டையும் கிளிப் தள்ளி எடுங்கள். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பட்டையை மெதுவாக ஒரே திசையில் தேயுங்கள், உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் முலாம் போய்விடும். தூளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முதலில் ஒரு ரேமை மட்டும் போட்டு ஓட்டுங்கள், அப்புறம் அடுத்ததை மட்டும். கிளிப் டக் என்று பிடிக்கும்வரை அழுத்த வேண்டும், பாதியில் நின்றால் மறுபடியும் பீப்தான்.

அது முடிந்ததும் வேறு சுத்தமான கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே பூட் செய்து இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். லினக்ஸிலும் நின்றால் ஹார்டுவேர். அதில் நன்றாக ஓடி விண்டோஸில் மட்டும் நின்றால் கோளாறு விண்டோஸ் பக்கம். கணக்கு ஃபைலையும் அந்த லினக்ஸில் இருந்தே இன்னொரு பென் டிரைவுக்கு எடுத்துவிடலாம், வைரஸ் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

கீழக்கரை_காக்கா:
மண்டபத்துத் தம்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் வைரஸ் பக்கம் சொல்கிறேன், அதை லேசாக விடக்கூடாது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஃபேன் அடங்குகிறது என்றீர்களே, அது பெரும்பாலும் கிரிப்டோ மைனர். உங்கள் சிபியுவை வைத்து வேறு யாருக்கோ காசு சம்பாதித்துக் கொடுக்கிற நிரல். பிடிபடக்கூடாது என்று டாஸ்க் மேனேஜர் திறந்ததும் தன்னை நிறுத்திக்கொள்ளும் வகை அது. நாள் முழுக்கச் சூடு ஏறி, ஏற்கெனவே உப்பு பிடித்த போர்டு இன்னும் தள்ளாடும்.

முதலில் நெட்டைப் பிடுங்குங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைப் பாருங்கள், ஸ்கேனில் தொடாமல் விட வேண்டியவை அதில்தான் இருக்கும். கிராக் கோப்போடு வரும் குறிப்பில் 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றவும்' என்றுதான் போட்டிருக்கும், அந்த வழியில் உள்ளே வருகிறது, வந்ததும் தன்னையே அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அங்கே நீங்கள் சேர்க்காத பெயர் இருந்தால் நீக்கிவிட்டு, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும்.

இன்னொன்று, தங்கச்சி, இதை இன்றைக்கே செய்யுங்கள். இந்த மாதிரி கிராக்கில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டைத் திருடும் நிரலும் சேர்ந்து வருவது சகஜம். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை அந்த கம்ப்யூட்டரில் அல்ல, போனில் இருந்து மாற்றி, எல்லா இடத்திலும் லாக் அவுட் கொடுங்கள். பணம் போயிருப்பதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

பாம்பன்_மகள்:
அண்ணா, காக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தோம், தம்பி டார்ச் பிடித்தான். கேபினெட் ஹாலில் மேற்கு ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது. கதவின் ஸ்க்ரூ இரண்டு துருவில் இறுகிவிட்டது, தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்துதான் கழற்ற முடிந்தது. ஒரு ரேமின் ஓரத்தில் நான்கைந்து பட்டை நீங்கள் சொன்ன மாதிரியே பச்சை. இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது.

தேய்த்துப் போட்டேன். பீப் நின்றுவிட்டது. லினக்ஸில் மூன்று மணி நேரம் ஓடவிட்டோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை, ஃபேன் சத்தமும் இல்லை. கணக்கு ஃபைலும் அம்மாவின் பழைய போட்டோக்களும் பென் டிரைவுக்கு வந்துவிட்டன. போட்டோ திறந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

விண்டோஸுக்குள் போய் எக்ஸ்க்ளூஷனைப் பார்த்தால் சி டிரைவ் முழுவதுமே அதில் இருந்தது! நீக்கிவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் கொடுத்தேன், மூன்று எடுத்தது. ஆனாலும் பிரவுசரில் அந்தத் தேடல் பக்கம் இன்னும் வருகிறது. பாஸ்வேர்டெல்லாம் போனில் மாற்றியாகிவிட்டது, பணம் எதுவும் போகவில்லை. இனி என்ன செய்ய?

மண்டபம்_ரிப்பேர்:
ரேம் தப்பித்தது நல்ல செய்தி. பச்சை பிடித்ததை மட்டும் தனியாகப் போட்டு ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் நிரல்) ஓட்டுங்கள், ஒரு பிழை வந்தாலும் அதைத் தூக்கி வைத்துவிட்டு நல்லதிலேயே ஓட்டலாம், எக்செல்லுக்கு 4 ஜிபி போதும்.

இப்போது ஃபார்மட் அடிக்கலாம், இப்போதுதான் அதற்கு அர்த்தம் உண்டு. சி டிரைவ் முழுவதையும் விட்டுவை என்று டிஃபெண்டரிடம் சொல்லிவைத்த நிரல் வேறு என்ன செய்து வைத்ததோ, ஸ்கேனை மட்டும் நம்பிக் கணக்கு எழுத வேண்டாம். ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது, உங்கள் ஏழாம் தலைமுறை ஐ3-ஐ விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதனால் என் யோசனை, நேற்று ஓட்டிய லினக்ஸ் மின்ட்டையே நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். அதில் எக்செல் மாதிரி வேலை செய்யும் லிப்ரே ஆஃபீஸ் கூடவே வரும், உங்கள் எக்செல் ஃபைல் திறக்கும். முதலில் பென் டிரைவில் இருந்தபடியே திறந்து கூட்டல் எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பது ஒரே காப்பி என்றால் ஃபார்மட்டுக்கு முன்னால் இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள்.

கேபினெட்டைக் கிழக்குச் சுவர் பக்கம் மாற்றுங்கள். ஓடும்போது பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும்.

பாம்பன்_மகள்:
ஃபைல் லிப்ரே ஆஃபீஸில் திறந்தது அண்ணா, டீசல் பக்கத்தில் கூட்டல் எல்லாம் அப்படியே வருகிறது. இன்னொரு காப்பியும் எடுத்துவிட்டேன். இன்று ராத்திரி மெம்டெஸ்ட் போடுகிறேன், காலையில் வந்து சொல்கிறேன்.